பள்ளம், மேடு, சஸ்பென்ஷன்: பட்டறையிலிருந்து பதில்கள்

கார் குலுக்கல் பற்றிக் கேளுங்கள் என்று சென்ற இதழில் இரண்டு வரி போட்டிருந்தோம். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே கேள்வி: கையில் இவ்வளவு பணம் இருக்கிறது, எதை மாற்றினால் வண்டி மெத்தென்று போகும்? கோவை சிங்காநல்லூரில் அலைன்மென்ட்டும் (சக்கரக் கோணம் சரிசெய்வது) சஸ்பென்ஷனும் (சக்கரத்துக்கும் வண்டிக்கும் நடுவே குலுக்கலைத் தாங்கும் அமைப்பு) மட்டும் பார்க்கிற சின்னப் பட்டறை என்னுடையது. இன்ஜின், பெயிண்ட் என்று வந்தால் பக்கத்துக் கடையைக் கைகாட்டி விடுவேன். ஆகவே எனக்குத் தெரிந்த வரைக்கும் பதில் சொல்கிறேன்.

2013 மாடல் ஸ்விஃப்ட் டீசல், 1,18,000 கி.மீ. ஓடியிருக்கிறது. தினமும் திருப்பூரிலிருந்து கோவைக்கு வேலைக்குப் போய் வருகிறேன். பாலத்து இணைப்புகளில் வண்டி தவளை மாதிரி தத்துகிறது. 20,000 ரூபாய் ஒதுக்கியிருக்கிறேன். லோயரிங் ஸ்பிரிங் போடலாமா, காயில்ஓவர் கிட் போடலாமா?
— ஆர்.கே., திருப்பூர்

இரண்டும் வேண்டாம். முதலில் ஒன்று கேட்கிறேன்: ஷாக் அப்சார்பர், சுருக்கமாக ஷாக், எப்போதாவது மாற்றியிருக்கிறீர்களா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. மாற்றவில்லை என்றால், வண்டி ஷோரூமிலிருந்து வந்த அன்று எப்படிப் போனது என்பதே உங்களுக்கு மறந்திருக்கும். ஷாக் ஒரே நாளில் சாவதில்லை. மாதத்துக்குக் கொஞ்சமாகத் தளரும், நம் முதுகும் கூடவே பழகிக்கொள்ளும்.

வண்டியின் எடையைத் தாங்குவது ஸ்பிரிங். அமுங்கின ஸ்பிரிங் மேலும் கீழும் ஆடிக்கொண்டே இருக்காமல் அடக்குவது ஷாக். தத்துகிறது என்றால் அடக்குகிறவன் படுத்துவிட்டான் என்று அர்த்தம். லோயரிங் ஸ்பிரிங் குட்டையாகவும் விறைப்பாகவும் இருக்கும். படுத்த ஷாக்கின் தலையில் அதைக் கொண்டுபோய் வைத்தால் தவளை முயலாகும், அவ்வளவுதான். காயில்ஓவர், அதாவது ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒன்றாகச் சேர்ந்து உயரத்தைக் கூட்டிக் குறைக்கிற கிட், நல்ல சாமான், மறுக்கவில்லை. ஆனால் உருப்படியான கிட் உங்கள் பட்ஜெட்டில் வராது. 20,000 ரூபாய்க்குக் காயில்ஓவர் என்று ஒருவர் கொடுத்தால், வாங்குவதற்கு முன் நன்றாக யோசியுங்கள்.

உங்கள் வண்டியில் முதலில் டயரைப் பாருங்கள். உள்ளங்கையை டயரின் மேல் சுற்றிலும் தடவிக்கொண்டே வாருங்கள். அலை அலையாக மேடு பள்ளம் தட்டுப்பட்டால், சக்கரம் சாலையை விட்டு எம்பி எம்பி விழுந்திருக்கிறது, ஷாக் போயிருக்கிறது. அடுத்து டார்ச் அடித்து ஷாக்கின் உடம்பைப் பாருங்கள். மேல்பகுதியில் லேசாக ஈரம், அதன்மேல் தூசி படிந்திருந்தால் பயப்பட வேண்டாம். எண்ணெய் கீழ்வரை வழிந்து சொட்டு நின்றால் அது முடிந்தது. பானெட் மூலையை அமுக்கிவிட்டு எத்தனை முறை ஆடுகிறது என்று எண்ணுகிற சோதனையை எல்லோரும் செய்கிறார்கள். அது முழுக்கச் செத்த ஷாக்கைத்தான் காட்டும். பாதி செத்தது அதில் பாஸாகிவிடும்.

சரி, பணத்துக்கு வருவோம். எங்கள் பக்கக் கணக்கில், உங்கள் மாடலுக்கு முன் ஸ்ட்ரட் (முன்பக்கம் ஸ்பிரிங்கைத் தாங்கி நிற்கும் ஷாக்) இரண்டும் ஐயாயிரத்தை ஒட்டி வரும். பின் ஷாக் இரண்டும் அதில் பாதி. கேப்ரியல், மன்றோ இரண்டும் உள்ளூர் ஸ்பேர் கடையிலேயே கிடைக்கும். இதோடு ஸ்ட்ரட் மவுண்ட் (ஸ்ட்ரட்டின் தலையை வண்டியோடு பிடிக்கும் ரப்பர்), அதன் பேரிங், பம்ப் ஸ்டாப் (ஸ்ட்ரட் முழுசாக அமுங்கும்போது இடியைத் தாங்கும் ரப்பர்), டஸ்ட் கவர், லோயர் ஆர்ம் (சக்கரத்தைக் கீழிருந்து வண்டியோடு பிடிக்கும் கை) புஷ், லிங்க் ராட், கூலி, கடைசியில் அலைன்மென்ட். எல்லாம் சேர்த்துப் பதினைந்தாயிரத்துக்குள் முடியும். கடைக்குக் கடை கொஞ்சம் முன்பின் ஆகலாம். மவுண்டையும் பம்ப் ஸ்டாப்பையும் "அப்புறம் பார்த்துக்கலாம்" என்று தள்ளாதீர்கள். பத்து வருடப் பம்ப் ஸ்டாப்பைக் கையில் எடுத்தால் காய்ந்த ரஸ்க் மாதிரி உதிரும். அது இல்லாத ஸ்ட்ரட் ஒவ்வொரு பெரிய பள்ளத்திலும் இரும்போடு இரும்பாக இடிபட்டு, புதுசும் சீக்கிரம் பழசாகிவிடும்.

வேலை நடக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள். மூன்று விஷயம் பார்க்க வேண்டும்.

மேல் நட்டைக் கழற்றும்போது ஷாக் தண்டு கூடவே சுற்றும். அதைப் பிடித்து நிறுத்தப் பிளையர் வைக்கிறவரிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள். பளபளவென்று குரோம் பூசிய தண்டு அது. பிளையர் பல் பட்ட இடத்தில் விழும் சின்னக் கீறல், ஒவ்வொரு முறை உள்ளே போய் வரும்போதும் ஆயில் சீலை அறுக்கும். மூன்று மாதத்தில் எண்ணெய் ஒழுகும், பழி கம்பெனி மேல் விழும். தண்டின் தலையில் ஆலன் கீ போடவோ ஸ்பானர் போடவோ இடம் வைத்திருப்பார்கள். அதில்தான் பிடிக்க வேண்டும்.

இரண்டாவது, புது ஷாக்கைப் பெட்டியிலிருந்து எடுத்ததும் நேராக நிறுத்தி நாலைந்து முறை முழுசாக அமுக்கி இழுக்க வேண்டும். கடை அலமாரியில் படுத்துக் கிடந்த ஷாக்கின் உள்ளே காற்று இடம் மாறியிருக்கும். முதல் இரண்டு அமுக்கில் கை வெறுமனே இறங்குவது தெரியும், பிறகு ஒரே சீராக இறுக்கம் வரும்.

மூன்றாவதுதான் முக்கியம், பலர் செய்யாததும் இதுதான். லோயர் ஆர்ம் போல்ட்டை வண்டி ஜாக்கியில் தொங்கும்போது முழுக்க முறுக்கக்கூடாது. புஷ் என்பது இரும்புக் குழாய்க்குள் ஒட்டிய ரப்பர். சக்கரம் தொங்குகிற நிலையில் இறுக்கினால், வண்டியைக் கீழே இறக்கியதுமே அந்த ரப்பர் முறுக்கிக்கொண்டு நிற்கும். நிற்கும்போதும் முறுக்கு, ஓடும்போது இன்னும் முறுக்கு. ஆறே மாதத்தில் கிழியும். சக்கரம் தரையில் ஊன்றி, வண்டி தன் எடையில் நின்ற பிறகுதான் கடைசி முறுக்கு.

மிச்சமிருக்கும் ஐயாயிரத்தை அடுத்த டயருக்கு எடுத்து வையுங்கள்.

ஹூண்டாய் ஐ20. சின்னச் சின்ன மேடுகளில் முன்பக்கம் "டக் டக்" என்று சத்தம். பெரிய பள்ளத்தில் சத்தமே இல்லை. ஒரு கடையில் முன் சஸ்பென்ஷன் முழுசையும் மாற்ற வேண்டும் என்று 22,000 ரூபாய் எஸ்டிமேட் கொடுத்திருக்கிறார்கள். இதே செலவில் நல்ல ஷாக்காகப் போட்டுவிடலாமா?
— ஒரு வாசகி, கும்பகோணம்

பொறுங்கள் அம்மா, சத்தமே பாதி விடையைச் சொல்லிவிட்டது. சின்ன மேட்டில் டக் டக், பெரிய பள்ளத்தில் ஒன்றுமில்லை என்றால் என் கை முதலில் போவது லிங்க் ராட்டுக்கு. வளைவில் வண்டி சாயாமல் பிடிக்கிற ஸ்டெபிலைசர் பாரையும் ஸ்ட்ரட்டையும் இணைக்கிற, விரல் தடிமன் கம்பி அது. இரண்டு முனையிலும் ஒரு பந்து மூட்டு. மூட்டில் இடைவெளி விழுந்துவிட்டால், ஒரு சக்கரம் மட்டும் லேசாக ஏறி இறங்கும்போது அது ஆடித் தட்டும். சக்கரத்தை உள்பக்கமாகத் திருப்பி வைத்துவிட்டுக் கையாலேயே அந்தக் கம்பியைப் பிடித்து ஆட்டச் சொல்லுங்கள். சில சமயம் கையிலேயே "டொக்" என்று தெரியும். இரண்டு பக்கமும் மாற்ற ஒரு ஆயிரமோ ஆயிரத்து ஐந்நூறோ ஆகும். அரை மணி நேர வேலை.

நின்ற இடத்தில் ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது ஸ்பிரிங் "டொய்ங்" என்று விடுபடும் சத்தம் வந்தால் அது ஸ்ட்ரட் மேல் பேரிங். பிரேக் பிடிக்கும்போதும் விடும்போதும் ஒரே ஒரு "டொக்" என்றால் லோயர் ஆர்ம் புஷ். காலையில் மட்டும் கீச்கீச் என்றால் ரப்பர் காய்ந்திருக்கலாம். இவை எதுவுமே ஷாக் இல்லை. எது தட்டுகிறது என்று கை வைத்துக் காட்டாமல் முழுசும் மாற்றச் சொன்னால், இன்னொரு கடையில் காட்டிவிட்டு முடிவெடுங்கள்.

என் வண்டியில் 165/80 ஆர் 14 டயர். 17 அங்குல அலாய் போட்டால் ரோட்டில் பிடிப்பு கூடும், சஸ்பென்ஷனுக்குத் தனியாகச் செலவு வேண்டாம் என்று நண்பன் சொல்கிறான். உண்மையா?
— கல்லூரி மாணவர், திருநெல்வேலி

தம்பி, ஒரு பேப்பரும் பேனாவும் எடுங்கள். 165 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 80 என்பது அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் பக்கச்சுவரின் உயரம் என்பது. 14 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். 165-இல் 80 சதவீதம் 132. ஆக, ரிம்முக்கும் தரைக்கும் நடுவே 132 மி.மீ. காற்று மெத்தை இருக்கிறது. இதே வெளிவிட்டத்தில், அதாவது சுமார் 620 மி.மீ.யில், 15 அங்குலத்துக்கு 185/65 போட்டால் மெத்தை 120 ஆகும். 16-க்கு 195/55 என்றால் 107. உங்கள் நண்பர் சொல்லும் 17-க்கு 205/45 போட வேண்டிவரும். அதில் மெத்தை 92 மி.மீ. தான்.

நாலு செ.மீ. மெத்தையைக் காசு கொடுத்துத் தூக்கி எறிகிறீர்கள். சஸ்பென்ஷனில் ஸ்பிரிங்குக்கும் ஷாக்குக்கும் முன்னால் பள்ளத்தைச் சந்திப்பது டயரின் பக்கச்சுவர்தான். அம்பாசடர் ஏன் அவ்வளவு சொகுசு என்று பெரியவர்கள் இன்றும் பேசுவார்கள். எடை ஒரு காரணம் என்றால், 5.90-15 என்கிற அந்த உயரமான டயர் இன்னொரு காரணம். பெரிய அலாய் பெரும்பாலும் கனமும் கூட. சக்கரத்தில் ஏறுகிற எடை ஸ்பிரிங்குக்குக் கீழே இருக்கிறது, அதை அடக்குகிற வேலையும் ஷாக் தலையில்தான் விழும். மழைக்காலத்தில் தண்ணீர் நிற்கிற பள்ளத்தில் ஒரு முறை இறங்கினால் அலாய் விளிம்பு வளையும். அந்த அலாயைத் தட்டி நேராக்குகிறவரின் நம்பர் உங்களுக்கு மனப்பாடம் ஆகிவிடும்.

மாற்றியே தீர வேண்டும் என்றால் உங்கள் மாடலின் உயர் வகைக்குக் கம்பெனியே கொடுத்த அளவோடு நில்லுங்கள். அநேகமாக அது 185/65 ஆர் 15 ஆக இருக்கும். அலாயில் மிச்சமாகும் பணத்தை ரப்பரில் போடுங்கள். அப்புறம் காற்று. டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் எவ்வளவு என்று இருக்கும். பங்க் பையன் எல்லா வண்டிக்கும் ஒரே அளவில் 40 அடித்து அனுப்பியிருப்பான். "வண்டி கட்டை வண்டி மாதிரி போகுது" என்று என்னிடம் வருகிற வண்டிகளில் சிலதை, காற்றை இறக்கிவிட்டு, காசு வாங்காமல் அனுப்பியிருக்கிறேன்.

டிசையரில் வெளியே சி.என்.ஜி. போட்டோம். அதன் பிறகு குடும்பத்தோடு ஏறினால் பின்பக்கம் தாழ்ந்து, எங்கள் தெரு வேகத்தடையில் அடி உரசுகிறது. ஸ்பிரிங் சுற்றுக்கு நடுவே செருகுகிற ரப்பர் பஃபர் நாலு 2,000 ரூபாய் என்கிறார்கள். போடலாமா?
— எம்.எஸ்., சேலம்

டிக்கியில் அந்த சிலிண்டர் அறுபது கிலோவை ஒட்டி உட்கார்ந்திருக்கும். ஒரு ஆள் நிரந்தரமாகப் பின்னால் படுத்துக்கொண்டு வருவது மாதிரி. ஆக, உங்கள் வண்டிக்குக் கொஞ்சம் விறைப்பான பின் ஸ்பிரிங் நியாயமாகவே தேவை. எல்லோரிடமும் ஸ்பிரிங்கைத் தொடாதீர்கள் என்று சொல்கிற நான் உங்களிடம் மட்டும் தொடுங்கள் என்கிறேன்.

முதலில் அளந்து பாருங்கள். சமதரையில் வண்டியைக் காலியாக நிறுத்தி, சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து நேர் மேலே ஃபெண்டர் விளிம்பு வரை டேப் வைத்து இரண்டு பக்கமும் குறித்துக்கொள்ளுங்கள். சிலிண்டர் இல்லாத, அதே மாடல் வண்டி தெரிந்தவர்களிடம் இருந்தால் அதையும் அளங்கள். இடது வலது வித்தியாசம் இருந்தாலோ, அந்த வண்டியை விட மிகவும் தாழ்ந்திருந்தாலோ ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது. அப்புறம், கம்பெனியிலேயே சி.என்.ஜி. பொருத்தி விற்கும் அதே மாடலுக்குப் பின் ஸ்பிரிங் பார்ட் நம்பர் என்ன என்று ஸ்பேர் கவுண்டரில் கேளுங்கள். வேறு நம்பராக இருந்தால் அந்த ஜோடியை வாங்கிப் போடுங்கள், கூடவே பின் ஷாக்கும்.

ரப்பர் பஃபர் வண்டியைத் தூக்கிக் காட்டும், பொய் இல்லை. ஆனால் எப்படித் தூக்குகிறது என்று பாருங்கள். இரண்டு சுற்றுகளுக்கு நடுவே ஆப்பு மாதிரி உட்கார்ந்து அந்த இரண்டையும் வேலை செய்ய விடாமல் கட்டிப்போடுகிறது. பாரம் முழுக்க மற்ற சுற்றுகளுக்குப் போகும். ரப்பர் உரசிய இடத்தில் பெயிண்ட் போய், மண்ணும் ஈரமும் தங்கித் துரு பிடிக்கும். பஃபர் இருந்த இடத்திலேயே ஒடிந்த ஸ்பிரிங் ஒன்றை என் கடை வாசலில் காகிதம் பறக்காமல் வைக்கிற கல்லாக வைத்திருக்கிறேன். கேட்பவர்களுக்கு எடுத்துக் காட்டுவேன். பஃபர் போட்டுக் கொடுப்பதில்லை.

அந்த வேகத்தடை பற்றியும் ஒன்று. சாலைப் பொறியாளர்கள் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸின் 1988-ஆம் வருட வழிகாட்டியில் வேகத்தடை 3.7 மீட்டர் அகலம், 10 செ.மீ. உயரம் என்று இருந்தது. ஒரு காரின் நீளத்துக்கு மெதுவாக ஏறி இறங்குகிற மேடு அது. நம் தெருவில் இருப்பது ராத்திரியோடு ராத்திரியாகச் சிமெண்ட் கொட்டிக் கட்டிய வரப்பு. அதற்கு எந்த ஸ்பிரிங் கம்பெனியும் பொறுப்பாக முடியாது. வண்டியைச் சாய்கோணத்தில், ஒவ்வொரு சக்கரமாக ஏற்றி ஓட்டுங்கள்.

என் மகன் போலோ வைத்திருக்கிறான். ஸ்பிரிங்கை ஒரு சுற்று வெட்டினால் வண்டி தாழ்ந்து அழகாக இருக்கும், ஐந்நூறு ரூபாய்தான் செலவு என்கிறான். எனக்குப் பயமாக இருக்கிறது. அவனிடம் என்ன சொல்வது?
— ஒரு தாய், மதுரை

உங்கள் பயம் சரிதான் அம்மா. தம்பிக்கு என் கதையைச் சொல்லுங்கள். 1996-இல் நான் வேலை பழகிக்கொண்டிருந்த காலத்தில் ஒரு பழைய மாருதி 800 வாங்கினேன். முன் ஸ்பிரிங்கைக் கிரைண்டரில் ஒரு சுற்று நானேதான் அறுத்தேன். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. இரண்டாவது வாரம் மருதமலை போகும் வழியில் ஒரு பள்ளத்தில் வலது சக்கரம் தொங்கியது. நீளம் குறைந்த ஸ்பிரிங் தன் இருக்கையை விட்டு விலகி, வண்டி திரும்ப உட்காரும்போது குறுக்காக மாட்டிக்கொண்டது. ஸ்டீயரிங் ஒரு பக்கம் கல் மாதிரி ஆகிவிட்டது. எதிரே பஸ் வரவில்லை, பிழைத்தேன். ஓரமாக நிறுத்திவிட்டு, டவுன் பஸ் பிடித்துப் போய் ஆசானை அழைத்து வந்தேன். அவர் திட்டவில்லை. அறுத்த துண்டை என் கையில் கொடுத்து, "பத்திரமா வெச்சுக்கோ" என்றார்.

கணக்காகச் சொன்னால், ஆறு சுற்று வேலை செய்யும் ஸ்பிரிங்கில் ஒன்றை அறுத்தால் ஐந்தில் ஒரு பங்கு விறைப்பு கூடிவிடும். பழைய ஷாக்கால் அதை அடக்க முடியாது. சக்கரக் கோணம் மாறி டயர் உள்பக்கமாகத் தேயும். காஸ் வைத்துச் சுட்டு இறக்குவது இதைவிட மோசம், இரும்பின் பதமே போய்விடும். அப்புறம் சட்டம். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவு, தயாரித்தவர் கொடுத்த விவரத்திலிருந்து விலகும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதியாகச் சொன்னது. நாளைக்கு எங்காவது இடித்தால், அறுத்த ஸ்பிரிங்கை இன்ஷூரன்ஸ் சர்வேயர் பார்த்துவிடக்கூடாதே என்று வேண்டிக்கொண்டு நிற்க வேண்டும்.

அவன் ஆசையையும் நான் குறை சொல்லவில்லை, இருபது வயதில் நானும் அறுத்தவன்தான். அந்த ஐந்நூறு ரூபாய்க்கு அலைன்மென்ட்டும் பேலன்சிங்கும் செய்து, நாலு டயரிலும் காற்று சரியாக வைத்து ஒரு முறை ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். போலோ அப்படியே நன்றாக வளைகிற வண்டி.

கேஸ் ஷாக், ஆயில் ஷாக்: எது வாங்குவது?
— பலர்

கேஸ் ஷாக்கிலும் ஆயில் இருக்கிறது. கூடவே நைட்ரஜனை அழுத்தத்தில் அடைத்திருப்பார்கள். மோசமான சாலையில் தொடர்ந்து ஓடினால் ஆயில் சூடாகி நுரைக்கும். நுரை அமுங்கிவிடும், ஷாக் வெறுமனே ஆடும். வாயு அழுத்தம் அந்த நுரையைக் குறைக்கிறது. விலை வித்தியாசம் சில நூறுதான் என்றால் கேஸ் வாங்குங்கள். வீட்டிலிருந்து கடைத்தெரு வரை மட்டும் ஓட்டுகிறவருக்குப் பெரிய வேறுபாடு தெரியாது.

பானெட்டைத் திறந்தால் இரண்டு ஸ்ட்ரட் தலைக்கும் குறுக்கே தெரிகிற ஸ்ட்ரட் பார் போடலாமா?
— ஜே., நாகர்கோவில்

பானெட்டைத் திறந்தால் அழகாகத் தெரியும். தினசரி ஓட்டத்தில் வேறு எதுவும் தெரியாது.

பள்ளத்தில் விழுந்து இடது முன் ஸ்ட்ரட் மட்டும் வளைந்துவிட்டது. வலது நன்றாகவே இருக்கிறது. அதையும் மாற்றச் சொல்கிறார்கள். வியாபாரமா?
— பி.எல்., விழுப்புரம்

வியாபாரம்தான், ஆனால் நியாயமான வியாபாரம். ஒரு பக்கம் புதுசு, மறு பக்கம் எண்பதாயிரம் கி.மீ. ஓடினது என்றால், பிரேக் பிடிக்கும்போது வண்டி ஒரு பக்கம் சாயும். வலது பக்கத்து வயது இரண்டு வருடத்துக்குள் என்றால் விட்டுவிடலாம். இல்லையென்றால் ஜோடியாகவே மாற்றுங்கள். கழற்றின வலது ஸ்ட்ரட்டைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த பள்ளம் எந்தப் பக்கம் வரும் என்று யாருக்குத் தெரியும்.